கயிறு மாற்றிய கிடேரி

இந்தக் காலத்து மனுசர்கள் கேட்காமலே நல்லது சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றால் முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து, "பெரியவரே, இதுல ஏறாதீங்க, கூட்டமா இருக்குது, பின்னாடி ஒண்ணு காலியா வருது" என்கிறான். பின்னால் எதுவும் வராது. அவன் அந்தக் கூட்டத்தில் எனக்கு இருந்த இடத்தில் உட்கார்ந்து போய்விட்டிருப்பான். போனில் ஒரு பொம்பளை கூப்பிட்டு எனக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்கிறாள். நான் எதிலும் சேரவில்லை, பரிசு எப்படி விழும்? போன வருசம் கிணற்று மோட்டார் நின்றுபோனபோது பார்க்க வந்தவன், உள்ளே காயில் கம்பி மொத்தமும் எரிந்துவிட்டது, கழற்றிக்கொண்டு போகிறேன், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றான். நான் கழற்ற விடவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. தட்டிவிட்டேன், ஓடியது. இன்னும் ஓடுகிறது.

அதனால் எவனாவது என் நல்லதைப் பேச ஆரம்பித்தால், அதில் அவனுக்கு என்ன நல்லது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இந்தக் கிடேரி விசயத்திலும் அப்படித்தான் பார்த்தேன்.

எங்கள் வீடு சிங்கவரத்துக்கு வெளியே, கொல்லையிலேயே, நிலத்துக்கு நடுவில் இருக்கிறது. ஓடு போட்ட ஒரு அறை, பக்கத்தில் மாட்டுக்கொட்டகை, ஒரு கிணறு, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற அளவுக்கு நிலம். நானும் என் வீட்டுக்காரி காத்தாயியும்தான். பையன் எழிலன் ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். விடிந்தால் காத்தாயி சாணி அள்ளுவாள், நான் புல் அறுக்கப் போவேன். கோழிகளைத் திறந்துவிட வேண்டும், தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், காயப்போட்ட மல்லாட்டையைக் குரங்கு அள்ளாமல் பார்க்க வேண்டும். குரங்குகள் மலையிலிருந்து கிளம்பி, ரேஷன் கடைக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக வரும். இதுதான் எங்கள் நாள்.

மாடு எங்களுடையது இல்லை. செஞ்சி கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிற சுந்தரமூர்த்தியுடையது. வாரத்துக்கு வாங்கி வளர்க்கிறோம். மாடு அவருடையது, புல்லும் தண்ணீரும் பாடும் எங்களுடையது. பால் எங்களுக்கு. கன்று போட்டால் முதல் கன்று அவருக்கு, அடுத்தது எங்களுக்கு, அதற்கடுத்தது அவருக்கு. வாய்ப்பேச்சுதான். சின்ன நாட்டு மாடு, சிவப்பு. தலையீத்தில் கிடேரி போட்டது. அதை அவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அது அவர் முறை, நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஈத்து எங்கள் முறை. எனக்குக் கிடேரி வேண்டும். காத்தாயி என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அடுத்தவன் மாட்டுச் சாணியைத்தான் அள்ளுகிறாள். எங்கள் கொட்டகையில் எங்கள் மாடு என்று ஒன்று நின்றதே கிடையாது. கிடேரியாகப் பிறந்தால் வளர்த்து, சினையாக்கி, சுந்தரமூர்த்தி மாட்டை அவரிடமே விட்டுவிட்டு எங்களுடையதைக் கட்டிக்கொள்ளலாம். காளைக்கன்று பிறந்தால் சந்தையில் விற்பதுதான். விற்ற காசு ஒரு தீபாவளி தாங்காது.

மாசி மாதம் ஒரு காலையில் மாடு கன்று போட்டது. நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"யோவ், கால் தெரியுதுய்யா" என்று காத்தாயி கூப்பிட்டாள்.

போய்ப் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தேன். காளை.

காத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கோலை எடுத்துக் கன்றைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மாடு நக்குவதை விட்டுவிட்டு மறுபடியும் படுத்து முக்குகிறது. நஞ்சுக்கொடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்தது இன்னொரு கன்று. முதலாவதைவிடச் சின்னது. நனைந்த துணி மாதிரி கிடந்தது. மூக்கில் ஊதி, காலைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டினேன். தும்மியது. காத்தாயி வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"கிடேரிய்யா" என்றாள்.

பக்கத்துக் கொல்லை ஜெயக்கொடி வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் காது நீளம். "இன்னா பெரிம்மா, ரெண்டா? மனுசிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் ரெண்டு பொறக்குது. உங்க மாடு சொம்மா போட்டுட்டுச்சி" என்றாள்.

அதற்குள் காத்தாயி சுந்தரமூர்த்திக்குப் போன் போட்டுவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இல்லை. எப்படியும் மாடு அவருடையது. ஆனால் ஒரு கன்று இருந்தால் யாருடையது என்பதற்குத்தான் பேச்சு இருந்தது. இரண்டு பிறந்தால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. இரண்டும் இந்த முறையில் சேருமா, இல்லை இரண்டாவதாகப் பிறந்தது அடுத்த முறையா? அடுத்த முறை என்றால் அது அவருக்கு. இரண்டாவதாகப் பிறந்தது கிடேரி.

சுந்தரமூர்த்தி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். என்னைவிட வயது குறைவு. பேச்சில் மரியாதையாகத்தான் இருப்பார். கடைக்காரர்கள் எல்லாருமே மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

கன்றுகளைப் பார்த்தார், சிரித்தார். "பொன்னுசாமி அண்ணே, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. நியாயம்தான? எது வேணும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. சண்டைக்கு வார்த்தை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். சுலபமாக வருவது சுலபமாகத் திரும்பிப் போகும்.

"கிடேரி" என்றாள் காத்தாயி, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

"கிடேரி உங்களுது. போதுமா?"

"போதாது. கயிறு மாத்திக் குடுங்க" என்றேன்.

எங்கள் பக்கம் மாடு கைமாறினால், உடையவன் கயிற்றோடு ஒரு பிடி வைக்கோலையும் சேர்த்து, கிழக்கே பார்த்து நின்று வாங்குகிறவன் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சு இல்லை. மாடு மறுநாளே செத்தாலும் இல்லை, தங்கமாகவே சாணி போட்டாலும் இல்லை.

"ஈரம் காயாத கன்னுக்கு இன்னாண்ணே கயிறு?" என்றார்.

நான் கிணற்று ராட்டினக் கயிற்றில் ஒரு முழம் அறுத்துக் கன்றின் கழுத்தில் கட்டினேன். அது எழுந்து நிற்கக்கூட இல்லை. சுந்தரமூர்த்தி சிரித்துக்கொண்டேதான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், வைக்கோலோடு கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"இனிமே பேச்சில்ல" என்றேன்.

"பேச்சில்லண்ணே."

ஜெயக்கொடி வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சாட்சிக்கு அவளைவிட நல்ல ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஒன்றைப் பார்த்தால் பஞ்சாயத்து முழுக்கச் சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு மாடு நஞ்சுக்கொடியைப் போடவில்லை. சாயங்காலம் வரை பார்த்தோம். மூங்கில் இலை கொடுத்தோம், வெல்லம் கொடுத்தோம். பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது. காத்தாயி சீம்பால் காய்ச்சி ஜெயக்கொடிக்குக் கொடுத்தாள், ஆனால் மனசு அதில் இல்லை. சுந்தரமூர்த்தியே மாட்டு டாக்டருக்குப் போன் செய்து, மறுநாள் காலையில் வரச் சொன்னார்.

டாக்டர் பொம்பளை. ஜெயஸ்ரீ என்று பேர். ஸ்கூட்டியில் வந்தாள். பார்த்தால் காலேஜுக்குப் போகிற பெண் மாதிரி இருக்கிறாள், ஆனால் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு மாட்டுக்குள் கையை விட்டபோது முகம் சுளிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். மெதுவாகப் பிரித்து வெளியே எடுத்தாள், உள்ளே மாத்திரை வைத்தாள், ஊசி போட்டாள். எடுத்ததைக் குழிவெட்டிப் புதைக்கச் சொன்னாள். காத்தாயி தலையை ஆட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வைக்கோலில் சுற்றி எடுத்துவைத்துக்கொண்டாள். ஆலமரத்தில் கட்டினால்தான் பால் வற்றாது.

டாக்டர் கை கழுவும்போது கன்றுகளைப் பார்த்தாள்.

"ரெண்டும் காளையா தாத்தா?"

"சின்னது கிடேரி. அது எங்களுது. அது காளையோடது" என்று ஏதோ உளறினேன். காளை சுந்தரமூர்த்தியுடையது என்று சொல்ல வந்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே, கேட்காமலே சொன்னாள்.

"தாத்தா, காளையும் கிடேரியும் ரெட்டையா பொறந்தா, அந்தக் கிடேரி பெரும்பாலும் சினை புடிக்காது. பத்துல ஒம்பது மலடாத்தான் போகும். பால் மாட்டுக்குன்னு வளக்கறதா இருந்தா யோசிச்சிக்குங்க."

"ஏன் புடிக்காது?"

"வயித்துக்குள்ள ரெண்டுக்கும் ரத்தம் கலந்துடும். காளை ஒடம்புல சுரக்கறது கிடேரிக்கும் போகும். அதனால இதுக்குக் கர்ப்பப்பை சரியா வளராது."

"அண்ணன் தங்கச்சி ஒண்ணா படுத்திருந்ததுக்கு இந்தத் தண்டனையா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

காத்தாயி நடுவில் வந்தாள். "எங்க ஓரகத்தி ரெட்டப்புள்ள பெத்தாம்மா. ஆண் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. அந்தப் பொண்ணு நாலு பெத்துட்டாளே."

"மனுசங்களுக்கு அப்படி ஆகாது பாட்டி. மாட்டுக்குத்தான். ஒரு மாசம் போகட்டும், நானே வந்து டெஸ்ட் பண்ணிச் சொல்றேன். அவசரமில்ல" என்றாள்.

ஸ்கூட்டி போன பிறகு நான் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தேன். இவளைக் கூப்பிட்டது யார்? சுந்தரமூர்த்தி. வந்த வேலை என்ன? நஞ்சுக்கொடி. கன்றைப் பற்றிக் கேட்டது யார்? யாரும் இல்லை.

நான் நினைத்தது சரி என்பதற்கு அன்றைக்கே சாயங்காலம் சுந்தரமூர்த்தி வந்து நின்றார். டாக்டர் போனில் சொல்லியிருக்கிறாள். கையில் ஒரு தவிட்டு மூட்டை வேறு. கேட்காத தவிடு.

"அண்ணே, மனசு கேக்கல. தெரியாம குடுத்துட்டேன். அந்தக் கயித்த எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. ரெண்டு கன்னையும் நானே எடுத்துக்கறேன். அடுத்த ஈத்து உங்களுது. அது காளைன்னா அதுக்கடுத்ததும் உங்களுது. ஒரு கிடேரி உங்க கைக்கு வர வரைக்கும் எனக்குக் கன்னே வேணாம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம்தான்.

"கயிறு மாத்தியாச்சி" என்றேன்.

"நானே சொல்றேனே அண்ணே. கயிறு இன்னா, நாம கட்டினதுதான."

"நேத்து பேச்சில்லன்னீங்க."

"உங்க நல்லதுக்குத்தான்..."

"தவிட்ட எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. கொட்டகை ஓரம் வைத்துவிட்டுப் போய்விட்டார். காத்தாயி அதைப் பிரித்துத் தொட்டியில் கரைத்தாள். மாடு தலையை எடுக்காமல் குடித்தது. மாட்டுக்கு என்ன தெரியும்?

"யோவ்" என்றாள் காத்தாயி, சோறு போடும்போது. "அந்த ஆளு சொல்றது நமக்கு நல்லதாத்தான இருக்குது?"

"ஏமே, யோசிச்சிப் பாரு. கையில இருக்கற கிடேரிய வாங்கிக்கிட்டு, இன்னும் வயித்திலயே தங்காத கன்ன குடுக்கறான். மாடு அடுத்து சினையாகுமான்னே தெரியாது. நஞ்சுக்கொடி நின்ன மாடு. நாளைக்கு அந்த ஆளு மாட்டையே ஓட்டிக்கிட்டுப் போயிட்டா?"

"அப்படிப் பண்ற ஆளா அவரு?"

"பண்ற வரைக்கும் எவனும் பண்ற ஆளு கிடையாது."

அவள் ரசத்தை ஊற்றினாள். "நீ ஒரு நாளைக்கு உன் நெழலையே இன்னா எதுக்குப் பின்னாடி வரேன்னு கேக்கப்போற" என்றாள்.

அந்த மாதம் முழுவதும் வேலை இரட்டிப்பாகிவிட்டது. நாட்டு மாட்டுக்கு மடி சின்னது. இரண்டு கன்றுக்கும் பால் போதவில்லை. காளைக்கன்று முட்டித் தள்ளிவிட்டு இரண்டு பக்கமும் குடித்துவிடும். நான் அதைப் பிடித்துக் கட்டிவிட்டு, முதலில் கிடேரியை விடுவேன். காத்தாயி கஞ்சித் தண்ணியை ஆற்றி விரலை விட்டு அதற்கு ஊட்டுவாள். எங்களுக்கு டீக்குக்கூடப் பால் இல்லை. ஜெயக்கொடி வீட்டில் இரவல் வாங்கினோம். பெட்டைக் கோழி ஒன்று காணாமல் போய், மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் இருந்த சாக்குக்குள்ளிருந்து குஞ்சுகளோடு வெளியே வந்தது. அதைப் பார்த்துச் சந்தோசப்படக்கூட நேரமில்லை, மறுநாளே பருந்து இரண்டைத் தூக்கிக்கொண்டு போனது.

எழிலன் போன் செய்தான். அம்மாக்காரி சொல்லியிருக்கிறாள்.

"நைனா, நானும் நெட்ல பாத்தேன். டாக்டர் சொன்னது கரெக்ட்டுதான். வெளிநாட்டுலயும் அப்படித்தானாம்."

"வெளிநாட்டு மாடு இன்னா நம்ம மல்லாட்டக் கொடியா திங்குது?"

"நைனா, டென்சன் பண்ணாத. குடுத்துட்டு அடுத்தத வாங்கிக்க."

"அந்த நெட்டுல கூப்பிட்டுத்தான் எனக்குப் பரிசுன்றாங்க. நீ வேலைய பாரு" என்று வைத்துவிட்டேன்.

கிடேரி நன்றாக வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவப்பில் நெற்றியில் கொஞ்சம் வெள்ளை. என் லுங்கியை வாயில் வைத்துச் சப்பும். நான் வரப்பில் போனால் பின்னால் வரும். எதுவும் குறையாகத் தெரியவில்லை. நானும் தினமும் பார்த்தேன். காது இருந்தது, வால் இருந்தது, நாலு காம்பு சின்னதாக இருந்தது. மலடு என்றால் எங்காவது எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா?

மாதம் முடிந்ததும் ஒரு காலையில் டாக்டர் வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே சுந்தரமூர்த்தி வந்தார், அவருக்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி வந்தது. வண்டியில் டிரைவர் இருந்தான், பக்கத்திலிருந்து ஒரு ஆள் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினான். அவலூர்பேட்டைப் பக்கத்துக்காரன், இளையபெருமாள் என்றார் சுந்தரமூர்த்தி.

"இவருக்கு ரெட்டக் கன்னு ஜோடியா வேணுமாம் அண்ணே. ஏருக்குப் பழக்க. மலட்டுக் கிடேரி காளை மாதிரியே இழுக்கும்னு சொல்றாரு. டாக்டர் சொல்றத கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணுங்க. நான் சொன்னது சொன்னதுதான், அடுத்த ஈத்து உங்களுது."

இப்போது எனக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆள் தயார், வண்டி தயார், டாக்டரும் தயார்.

"நீங்க ஏரு ஓட்டறீங்களா?" என்று இளையபெருமாளைக் கேட்டேன்.

"ஓட்டறேங்க."

"ஊரே டிராக்டர் வச்சி ஓட்டுது."

"எனுக்கு மேட்டு நெலம், கல்லுக்காடு. டிராக்டர் ஏறாது" என்றான். எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்தான்.

டாக்டர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் எடுத்தாள். சுண்டுவிரல் தடிமன், முனை மழுங்கியிருந்தது. எண்ணெய் மாதிரி எதையோ தடவினாள். காத்தாயி கிடேரியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் வாலை ஒதுக்கி, மெதுவாக வைத்தாள். கொஞ்ச தூரம் போனது. நின்றுவிட்டது. கன்று உதைத்தது. டாக்டர் குழாயில் கட்டைவிரலை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்துக் காட்டினாள்.

"பாருங்க தாத்தா. இவ்ளோதான் போகுது. உள்ள வழி இல்ல."

"வழி இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கன்னுக்கும் இவ்ளோதான் போகுதோ இன்னாவோ. வேற கன்னுல வச்சிக் காட்டு."

சுந்தரமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் கோபப்படவில்லை. ஜெயக்கொடி வீட்டில் ஒரு கிடேரிக் கன்று இருந்தது, எங்களுடையதைவிட ஒரு வாரம் சின்னது. ஜெயக்கொடி கேட்டதும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு இதைவிடப் பெரிய விசேசம் இந்த வருசம் இல்லை.

டாக்டர் குழாயைக் கழுவி, மறுபடி எண்ணெய் தடவி வைத்தாள். குழாய் போய்க்கொண்டே இருந்தது. எங்களுடையதில் போனதைப்போல் இரண்டு பங்கு, அதற்கு மேலும் போனது. எடுத்து, முன்னால் நின்ற இடத்தையும் இப்போது நின்ற இடத்தையும் குழாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

ஜெயக்கொடி கன்றை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"கண்ணாலயே பாத்துட்டீங்களே தாத்தா" என்றாள்.

"பாத்தேன். அது ஜெர்சி. ஜாதியே நீட்டு. எங்களுது நாட்டு மாடு" என்றேன்.

"இல்ல தாத்தா, இந்த வயசுல..."

"ஆளுக்கு ஆள் இன்னா ஒரே அளவா இருக்குது? ஜெயக்கொடி எவ்ளோ ஒசரம், காத்தாயி எவ்ளோ ஒசரம்?"

"என்னை ஏன் பெரிப்பா இழுக்கறீங்க" என்றாள் ஜெயக்கொடி. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சுந்தரமூர்த்தி என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, வண்டி போயிட்டா அந்த ஆளு திரும்ப வரமாட்டாரு. காளைய மட்டும்னா வேணாம்ன்றாரு. அப்பறம் இந்தக் கிடேரிய எவனும் கேக்கமாட்டான். மூணு வருசம் தீனி போட்டுட்டு அப்பறம் மலடுன்னு தெரிஞ்சா நீங்க இன்னா பண்ணுவீங்க? கயித்த குடுங்க. அடுத்த கன்னு சத்தியமா உங்களுது."

"காளைய மட்டும் வேணாம்ன்றாரா?"

"ஆமாண்ணே."

"அப்ப கிடேரிக்குத்தான் வந்திருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காத்தாயியைப் பார்த்தார். எனக்குப் பதிலாக அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார் போல.

காத்தாயி கிடேரியின் தலையை விட்டுவிட்டு எழுந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த சாணியைத் தட்டிவிட்டாள். "யோவ், குடுத்துடுய்யா. டாக்டரம்மாவுக்கு இதுல இன்னா வரப்போகுது? அந்தப் பொண்ணு பொய் சொல்லல. எனுக்கு ஒரு மாடு வேணும்னுதான நானும் கேக்கறேன். இது மாடாவாது. அடுத்தது ஆவும்" என்றாள்.

இத்தனை வருசத்தில் இத்தனை பேருக்கு முன்னால் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது கிடையாது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுத்துவிட்டால் எல்லாரும் சிரித்த முகமாகப் போவார்கள். டாக்டர் ஸ்கூட்டியில் போவாள், கன்று வண்டியில் போகும். எனக்கு மிஞ்சுவது சுந்தரமூர்த்தி வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை. வார்த்தையைக் கொட்டகையில் கட்ட முடியாது.

"கன்னு என் கையில இருக்குது. நீங்க சொல்ற கன்னு எங்க இருக்குது?" என்றேன்.

கல்லுக்காட்டுக்காரன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். சுந்தரமூர்த்தி, "சரிண்ணே, உங்க இஷ்டம்" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. வண்டி காலியாகத் திரும்பி, செஞ்சி ரோட்டுப் பக்கம் தூசி கிளப்பிக்கொண்டு போனது. டாக்டர் பையை மூடினாள். போகும்போது, வெயில் ஏறினால் கன்றை நிழலில் கட்டச் சொன்னாள். அதையும் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

காத்தாயி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

"ஏமே" என்றேன்.

"நீ போ. உன் மாட்ட மேய்" என்றாள், திரும்பாமலே.

சுந்தரமூர்த்தி இன்னும் கொட்டகை ஓரம் நின்றுகொண்டிருந்தார். காளைக்கன்று அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் காத்திருக்கவில்லை. கிடேரியை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன். மேலக்கொல்லை வரப்பில் புல் நன்றாக இருந்தது.

பாதி தூரத்தில் கன்று நின்றது. காலை அகட்டிக்கொண்டு மூத்திரம் விட்டது. நான் குனிந்து பார்த்தேன். எல்லாக் கிடேரியும் விடுகிற மாதிரிதான் விட்டது. ஒரு குறையும் இல்லை. குழாய் அரைகுறையாகப் போயிருக்கலாம், அந்தப் பெண்ணின் கை நடுங்கியிருக்கலாம், கன்று உதைத்ததே. விட்டு முடித்ததும் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தேன். அது வந்தது. நாங்கள் நடந்தோம்.